விட்டுட்டுப் போனேன்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் விடியும் முன்பே எழுந்துவிட்டேன். எலுமிச்சைச் சாதம் கிளறி டப்பாவில் அடைத்து மூடிய பிறகுதான் அதைக் கொண்டுபோக எனக்கு ஓர் இடமில்லை என்பது உறைத்தது. சமையலறையில் நின்றபடியே தின்று முடித்தேன்.

டேகேரில் என் வேலை போன வாரத்தோடு போய்விட்டது. எழுதவே கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் மண்டைக்குள் ஓடுவது நிற்குமோ என்னவோ.

இரண்டு வயதுப் பிள்ளைகளின் அறை. நானும் ப்ரியம்வதாவும்தான் டீச்சர்கள். அவள் மூலையில் ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். காலேப் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தான். திரும்பிப் பார்க்கிறேன், உதடு தடித்துவிட்டது, கண்ணிமை வீங்கிக்கொண்டு வருகிறது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை. எங்கிருந்து வாயில் போட்டானோ. அவனுக்குப் போட வேண்டிய ஊசி முன்பக்க ஆபீஸில் இருக்கிறது. சுவரில் இருக்கும் போனில் ஆபீஸைக் கூப்பிட்டு, யாராவது வரும்வரை அறையிலேயே நிற்க வேண்டும் என்பது விதி. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினேன். வாசலைத் தாண்டும்போது ப்ரியம்வதாவிடம் "பாத்துக்க மக்ளே" என்றேன். "சரிக்கா" என்றாள்.

காலேப் பிழைத்தான். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அழ ஆரம்பித்திருந்தான். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அதற்குள் அறையில் ஒரு பெண்குழந்தை பொம்மை அலமாரியில் ஏறி விழுந்து உதடு கிழிந்துவிட்டது. தையல். மறுநாள் அதன் அப்பா வந்து கத்தினார். அவர் கத்தியதில் தப்பில்லை.

கேமராவில் படம் விழும், சத்தம் விழாது. நான் ஓடுவது தெரிகிறது. ப்ரியம்வதாவின் முதுகு தெரிகிறது. டேகேரை நடத்தும் டைரக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, நான் போனதே தனக்குத் தெரியாது என்றாளாம்.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டபோது என் ஸ்வெட்டரையும் காபிக் கப்பையும் ஏற்கெனவே ஒரு பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

வீட்டுக்காரர் ரூஃபஸ் சொல்கிறார்: "கொஞ்ச நாள் வீட்ல இரு லீலா. உடம்பாவது தேறும்." சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். அவருடைய கான்ட்ராக்ட் இப்போது மாதத்துக்கு மாதம்தான் நீள்கிறது. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

வேலை போனவர்களுக்கு இங்கே அமெரிக்காவில் அரசாங்கம் கொடுக்கும் உதவிக்கு அப்ளை பண்ணச் சொன்னதும் அவர்தான். பண்ணிவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

அன்எம்ப்ளாய்மென்ட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பதற்றமில்லாத, மரியாதையான ஆண் குரல். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றுதான் முதலில் கேட்டார். வேண்டாம் என்றேன். நாகர்கோவிலில் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். எனக்கெதற்கு மொழிபெயர்ப்பாளர்?

என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேனோ? இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மார்ச் 8, சனி

மறுத்துவிட்டார்கள்.

காரணம்: மிஸ்காண்டக்ட். ஒழுங்கீனம் என்று தமிழில் சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது. பள்ளியில் சிகரெட் குடித்துப் பிடிபட்ட பையனுக்குக் கொடுக்கும் பெயர். அதற்குக் கீழே ஒரு வரி: தான் குழந்தைகளை விட்டுச் சென்றதாக விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டார்.

நான் ஒப்புக்கொண்டேனா? எப்போது?

ஆஷ்லி வாசித்துவிட்டு, "மாம், திஸ் இஸ் ஸோ அன்ஃபேர்" என்று கட்டிக்கொண்டாள். அவள் என்னைவிட உயரமாகிவிட்டாள். அவள் தோளில் முகத்தை வைத்தபடி, சாயங்காலம் தோசைக்கு மாவு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் யோசிக்கத் தெம்பில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சர்ச்சில் மரகதம் ஆன்ட்டி கேட்டார்கள், "என்னம்மா, டேகேர் எப்படிப் போகுது?" நல்லாப் போகுது ஆன்ட்டி என்றேன். ஆராதனை முடிந்து வந்தவுடனே பொய்.

மார்ச் 11, செவ்வாய்

ரூட் ஒன் சிக்னலில் காரை நிறுத்தியிருந்தபோது, அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பிடிபட்டது.

அன்று போனில் என்ன சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முதலில் தமிழில். "பிள்ளைங்கள ப்ரியம்வதாகிட்ட விட்டுட்டுப் போனேன்." பிறகு அவரிடம் இங்கிலீஷில் சொன்னபடி. "ஐ லெஃப்ட் த சில்ட்ரன் அண்ட் ஐ வென்ட். ப்ரியம்வதா வாஸ் தேர்."

பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்தது எனக்குத் தெரியவில்லை.

தமிழில் விட்டுட்டுப் போவது என்றால் எத்தனையோ. அம்மாவிடம் பிள்ளையை விட்டுட்டுப் போவோம். சாவியைப் பக்கத்து வீட்டில் விட்டுட்டுப் போவோம். நம்பித்தான் விட்டுட்டுப் போவோம். இங்கிலீஷில் நான் சொன்னதில் அந்த "கிட்ட" விழுந்துபோயிற்று. குழந்தைகளை விட்டேன், போனேன். அவ்வளவுதான் மிச்சம். அவர் பொய் எழுதவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்.

அப்பீல் பண்ணப் போகிறேன் என்று ரூஃபஸிடம் சொன்னேன். இந்த முறை தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கப் போகிறேன் என்றும்.

"எதுக்கு? இங்கிலீஷ் தெரியாதவன்னு நெனைப்பாங்க. மதிக்க மாட்டாங்க."

"போன தடவ மதிச்சு என்ன கிழிச்சாங்க?"

ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

அப்பீல் போட்டாகிவிட்டது. நாள் முழுக்கத் தலைவலி.

மார்ச் 18, செவ்வாய்

ப்ளெயின்ஸ்பரோ பக்கம் ஒரு டேகேரில் நேர்காணல். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசி இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். விட்டேன். மறுபடியும் அந்த வார்த்தை. வாய் ஒட்டிக்கொண்டது. கூப்பிடுகிறோம் என்றார்கள்.

பணத்தைச் சொல்லவில்லை. பணமும் வேண்டும்தான். ஆனால் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கக் கூடாதவள் என்று என்னைப் பற்றி ஓர் இடத்தில் எழுதியிருக்கிறது. அது அப்படியே இருக்குமானால் எந்த முகத்தோடு இன்னொரு பிள்ளையைத் தூக்குவேன்?

மார்ச் 22, சனி

இண்டியன் ஸ்டோர் பார்க்கிங்கில் ப்ரியம்வதாவைப் பார்த்தேன். ஒன்றரை மாதமாக என் போனை எடுக்காதவள். காரில் பைகளை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கொத்தமல்லிக் கட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"நல்லாருக்கியா?" என்றேன். என்ன கேள்வி இது.

"அக்கா... ப்ளீஸ்கா. என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் சொன்னது உன் காதுல விழல?"

பக்கத்துக் காரில் ஒருவர் அரிசி மூட்டையை ஏற்றினார். அவர் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"விழுந்துச்சுக்கா. ஆனா கேட்டேன்னு சொன்னா, அந்தப் பாப்பா விழுந்தது என் தப்பாயிடும்ல? எனக்கு இந்த ஊர்ல இருக்கறது இந்த வேலை ஒண்ணுதான்கா. இவர் ஆபீஸ் போயிட்டா, நான் பேசறதுக்கு வீட்ல சுவர்தான் இருக்கு."

"அதுக்கு என் தலையில போட்டியா?"

அழுதாள். முதல் நாள் டேகேருக்கு வந்தபோதும் இப்படித்தான், ஒரு பிள்ளை கடித்துவிட்டது என்று பாத்ரூமில் நின்று அழுதாள். அன்றைக்கு நான் முகம் கழுவ வைத்து, டீ வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்குக் கொடுக்கவில்லை. நான் பாட்டுக்கு நடந்து கடைக்குள் போய்விட்டேன். எதை வாங்க வந்தேன் என்றே மறந்துபோய் வெறும் கையோடு திரும்பினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

விசாரணை இருபத்து நான்காம் தேதி, போனில். எனக்கு வேண்டிய சாட்சியை வரச்சொல்லி உத்தரவு அனுப்பவைக்கலாமாம். ப்ரியம்வதாவுக்கு உத்தரவு போனால் அவள் வந்தே ஆக வேண்டும்.

ரூஃபஸ்: "இதுல யோசிக்க என்ன இருக்கு? அவ வாயால சொன்னா முடிஞ்சுது."

"சொன்னா அவ வேலை போகும்."

"ஒன் வேலை போச்சே. அவ யோசிச்சாளா?"

நியாயம்தான். ஆனாலும் கூப்பிட மாட்டேன் என்றேன். அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். ஆஷ்லி ரூமிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

ஏன் கூப்பிடவில்லை? நல்லவள் என்பதாலா? இல்லை. உத்தரவு போட்டு வரவைத்து, அங்கேயும் அவள் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால்? அதைத் தாங்குவதற்கு என்னிடம் ஒன்றும் பாக்கியில்லை. அதுதான் உண்மை. யாரிடமும் சொல்லவில்லை, இங்கே மட்டும்.

ஏப்ரல் 16, புதன்

மழை. துணி துவைத்தேன், மடித்தேன். விசாரணையில் பேசவேண்டியதைத் தமிழில் சொல்லிப் பழகினேன். சொந்த பாஷையைப் பழக வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

முடிந்தது. மறக்கும் முன் எழுதிவிட வேண்டும்.

படுக்கையறையில் போனை ஸ்பீக்கரில் வைத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். விசாரிப்பவர் ஒரு பெண்மணி. வயதானவர் போலக் குரல். அடிக்கடி இருமினார். மொழிபெயர்ப்பாளர் எந்த ஊரிலிருந்தோ பேசினார். பழைய வானொலிச் செய்தி போன்ற தமிழ். "அம்மையாரே, தாங்கள் கூறுவது எதுவாயினும் அப்படியே ஆங்கிலத்தில் கூறப்படும். இந்த இணைப்பில் எவர் தமிழில் பேசினாலும் அதுவும் கூறப்படும்." இந்த மனிதரிடம் என் நாகர்கோவில் பேச்சு என்ன பாடு படப் போகிறதோ என்று பயந்தேன்.

எதிர்ப்பக்கம் டைரக்டர். அவர் பேசி முடித்ததும், தன்னுடன் ஒரு சாட்சி இருப்பதாகச் சொன்னார். ப்ரியம்வதா.

நான் கூப்பிடாதவளை அவர்கள் கூட்டி வந்திருக்கிறார்கள். போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

முதலில் என்னைத்தான் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் அவருடைய தமிழில் கேட்டார்: "தாங்கள் குழந்தைகளைக் கவனிப்பாரின்றி விட்டுச் சென்றீர்களா?"

"இல்லைங்க. ப்ரியம்வதாகிட்ட விட்டுட்டுப் போனேன்."

அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். குழந்தைகளை ப்ரியம்வதாவின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டுச் சென்றேன் என்று அர்த்தம் வரும்படி, ஒரு சொல் கூடாமல் குறையாமல். கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான், அதேதான், நான் அன்று சொல்ல நினைத்தது. இங்கிலீஷில் அதை இப்படி முழுசாக இன்றைக்குத்தான் கேட்கிறேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இருமுவதுபோல் போனைத் தள்ளிப் பிடித்தேன்.

அடுத்து ப்ரியம்வதா. அவள் இங்கிலீஷிலேயே பேசினாள். மெல்லிய குரல். டைரக்டரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், பாவி.

விசாரிப்பவர் என் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டார்: ஜெயலீலா போகிறாள் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது.

உன்னிடம் ஏதாவது சொன்னாளா? "நோ. நத்திங் இன் இங்கிலீஷ்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிஞ்சுது போ என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள் இருமிவிட்டு, நிதானமாகக் கேட்டார்: இங்கிலீஷில் இல்லை. வேறு மொழியில்?

டைரக்டர் ஏதோ சொல்ல வந்தார். சாட்சிதான் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மாள் நிறுத்தினார். மறுபடி கேட்டார். உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறாய். அவள் சொன்ன வார்த்தைகள் என்ன?

மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு, தமிழில்:

"பாத்துக்க மக்ளேன்னாங்க."

யாரும் கேட்காமலே மொழிபெயர்ப்பாளர் குரல் வந்தது. பார்த்துக்கொள், என் மகளே, என்று சொன்னார்.

அம்மாள் குழம்பிவிட்டார். இந்தச் சாட்சி விண்ணப்பதாரரின் மகளா?

இந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, என்ன செய்ய. ப்ரியம்வதாதான் இங்கிலீஷில் சொன்னாள், இல்லை, அவர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பிள்ளைகளையும் கூட, அதனால் பிள்ளைகளிடம்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன் என்று. அதுவரை சரியாகத்தான் தப்பித்துக்கொண்டு வந்தாள். அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

நீ பதில் சொன்னாயா?

சொல்லிவிடு மக்ளே. சொல்லாதே, வேலை போகும். இரண்டையும்தான் நினைத்தேன்.

"சரிக்கான்னு சொன்னேன்," என்றாள் தமிழில். அழுகிறாள் என்று தெரிந்தது. "சரிக்கான்னுதான் சொன்னேன். அப்புறம் டயப்பரை முடிச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள பாப்பா விழுந்துடுச்சு. அக்கா மேல தப்பில்ல. என் மேலயும்... எனக்குத் தெரியல."

மொழிபெயர்ப்பாளர் அதையும் அப்படியே சொன்னார். "எனக்குத் தெரியவில்லை" என்பதுவரைக்கும்.

முடிவை எழுத்தில் அனுப்புவோம் என்று அம்மாள் எல்லோருக்கும் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

கதவைத் திறந்தால் ரூஃபஸ் வெளியே தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லீவு போட்டதைக்கூட என்னிடம் சொல்லவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறார். "எந்திரிங்க, இடுப்பு பிடிச்சுக்கும்" என்றேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

நாள் முழுக்கத் தூங்கினேன்.

மே 9, வெள்ளி

அப்பீல் என் பக்கம். மறுத்ததை ரத்து செய்துவிட்டார்கள்.

ஆபத்திலிருந்த குழந்தைக்காக, மற்றக் குழந்தைகளை உடனிருந்த ஆசிரியையின் பொறுப்பில் விட்டுச் சென்றார். விதியை மீறியிருக்கலாம், ஆனால் இது மிஸ்காண்டக்ட் அல்ல. இப்படி முடிகிறது.

ரூஃபஸ் கேக் வாங்கி வந்தார். ஆஷ்லி போட்டோ எடுத்தாள். அதில் நான் ஜுரத்திலிருந்து எழுந்தவள் மாதிரி இருக்கிறேன். சந்தோஷம் எங்கே போயிற்று? களைப்புதான் மேலே கிடக்கிறது. அது விலகினால் ஒருவேளை அடியில் இருக்குமோ என்னவோ.

மே 17, சனி

வாசலில் ப்ரியம்வதா. உள்ளே வா என்று சொல்ல ஒரு நிமிஷம் பிடித்தது. சொன்னேன்.

அவளை வேலையைவிட்டு நேரடியாக நிறுத்தவில்லை. நேரத்தைக் குறைத்துக் குறைத்து வாரத்துக்கு ஒரு நாளாக்கிவிட்டார்களாம். அவளே நின்றுவிட்டாள். புருஷனுக்கு டெக்ஸாஸில் ப்ராஜெக்ட், ஆலன் என்கிற ஊர், ஜூனில் போகிறார்கள்.

"நீங்க என்னை ஆர்டர் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமேக்கா. டைரக்டர் சொன்னாங்க, உங்களுக்கு அந்த ரைட் இருந்துச்சு, ஆனா நீங்க கூப்பிடலன்னு. ஏன்கா?"

"ஒன் மேல நம்பிக்கை இல்ல. அதான்."

பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டினாள். "கரெக்ட்தான்கா. அன்னிக்குக் காலைலகூட எதுவும் கேக்கலன்னு சொல்லணும்னுதான் போனேன். உங்க குரல் தமிழ்ல வந்துச்சு பாருங்க... பக்கத்துல நிக்கற மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் முடியல."

டீ போட்டேன். குடித்தோம். அங்கே குளிர் கம்மி, வெயில் கொல்லும் என்றாள். போகும்போது காலில் விழப் போனாள், பிடித்து நிறுத்தினேன். அதெல்லாம் எங்களுக்கு வழக்கமில்லை. தலையில் கை வைத்து ஒரு சின்ன ஜெபம் மட்டும் பண்ணினேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. இன்னும் கோபம் என்று எழுதவும் வரவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 30, புதன்

ரூஃபஸின் கான்ட்ராக்ட்டை வருஷக் கடைசிவரை நீட்டியிருக்கிறார்கள். எனக்கு ஒரு பள்ளியில் ப்ரீஸ்கூல் உதவி ஆசிரியை வேலைக்கு நேர்காணல். போன இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன், மெதுவாக, இங்கிலீஷில். காலேப் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டார் அந்த ப்ரின்சிபால். இத்தனை மாதத்தில் அவனைப் பற்றிக் கேட்ட முதல் ஆள்.

செப்டம்பர் 8, திங்கள்

அந்தப் பள்ளி வேலைக்கு இன்று முதல் நாள் போனேன். மூன்று வயதுப் பிள்ளைகள். காலை முழுவதும் அழுகை, மூக்குச்சளி, ஷூ மாறிப்போன சண்டை. மதியம் எல்லாம் பாயில் படுத்துவிட்டன, ஒன்று மட்டும் படுக்கவில்லை. அம்மா எங்கே, அம்மா எங்கே என்று கேட்டபடி என் மடியில் ஏறி உட்கார்ந்தது. தட்டிக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டது.

என் கால் மரத்துப் போயிற்று. அசைக்கவில்லை.